யார் வீட்டில் யார் குடியிருப்பது?
நிரலுக்குள் இன்னொரு மொழியை உட்பொதிப்பது குறித்து

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு வருகிறார். அந்த இரண்டாம் நூலின் பிற்பகுதியில், சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குவது பற்றி ஓர் இயல் இருக்கிறது. அதில் நடப்பது எளிய காரியம். பைத்தான் நிரல் இயக்க அமைப்பிடம் சொல்லிக் கம்பைலரை ஓடவிடுகிறது; உருவான கோப்பை இயக்கச் சொல்கிறது. இரு நிரல்களும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்ப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலே குரல் கொடுத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் உறவு.

இக்கட்டுரை பேச வருவது இதன் எதிர்த்திசையை. சி மொழியிலோ சி பிளஸ் பிளஸிலோ எழுதிக் கம்பைல் செய்த பெரிய நிரல் ஒன்று, தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட் மொழியின் இன்டர்பிரட்டரை வைத்துக்கொள்கிறது. புராசஸ் ஒன்று, நினைவகம் ஒன்று, மொழி மட்டும் இரண்டு. கணினி விளையாட்டுகள், உரைத்தொகுப்பான்கள், தரவுத்தளங்கள், முப்பரிமாண வரைகலை மென்பொருள்கள் எனப் பலவும் இப்படி இயங்குகின்றன. பயனர் பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். தாய்நிரலைத் திரும்பக் கம்பைல் செய்யாமலே அதன் நடத்தை மாறிவிடும்.

சில மொழிகள் இப்படிப் பிறர் வீட்டில் குடியிருக்க இயல்பாகப் பொருந்துகின்றன; வேறு சில முரண்டு பிடிக்கின்றன. ஏன்? சிறிய மொழி பொருந்தும், பெரிய மொழி பொருந்தாது என்பது வழக்கமான பதில். அது முழுப் பதில் அல்ல என்பது என் கருத்து. நினைவகம் யாருடையது, பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு, நேரம் யார் கையில் என்ற மூன்று உரிமைகளில்தான் இந்த வேறுபாடு வேர்கொண்டிருக்கிறது. அளவு அதன் விளைவுகளில் ஒன்று.

2. இதுவரை சொல்லப்பட்டவை

உட்பொதிப்பை ஒரு கொள்கையாகவே முன்வைத்தவர் ஜான் ஔஸ்டர்ஹவுட். 1980களில் பெர்க்லியில் சில்லு வடிவமைப்புக்கான கருவிகளை எழுதிக்கொண்டிருந்த அவர், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கட்டளை மொழியை அவசரமாகச் செய்ய வேண்டியிருந்ததையும், அவை எல்லாமே அரைகுறையாக முடிந்ததையும் கண்டார். எந்த நிரலுக்குள்ளும் செருகக்கூடிய ஒரே கட்டளை மொழி இருந்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து 1988இல் டிக்கிள் பிறந்தது. அதில் எல்லா மதிப்புகளும் எழுத்துச்சரங்களே. டிக்கிளுக்குப் புதிய கட்டளையாக அமையும் சி செயற்கூறு, ஒரு சி நிரலின் முதன்மைச் செயற்கூற்றைப் போலவே, எத்தனை சொற்கள், அவை என்னென்ன என்று மட்டும் பெற்றுக்கொண்டது. சி தெரிந்தவருக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. எல்லை இவ்வளவு எளிமையாக இருந்ததற்கு விலை, எண்களையும் பட்டியல்களையும் சரங்களாக்கித் திரும்பப் பிரித்தெடுக்கும் வேகக் குறைவு.

1998இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஔஸ்டர்ஹவுட் இதையே ஒரு பொதுக் கோட்பாடாக விரித்தார். உறுப்புகளைக் கட்டுவதற்கு ஒரு வகை மொழி, கட்டிய உறுப்புகளை ஒட்டுவதற்கு இன்னொரு வகை மொழி என்பது அவர் பிரிவினை. இன்றும் பாடப்புத்தகங்களிலும் மேடைகளிலும் இதுதான் சொல்லப்படுகிறது.

முதல் எதிர்ப்பு ரிச்சர்டு ஸ்டால்மனிடமிருந்து 1994இலேயே வந்தது. ஈமாக்ஸ் உரைத்தொகுப்பானுக்குள் லிஸ்ப் மொழியை வைத்து வெற்றி கண்டவர் அவர். உள்ளே வைக்கும் மொழி முழுமையான நிரல்மொழியாக இருக்க வேண்டும், கட்டளைகளைக் கோப்பதற்கான துணைக்கருவியாக இருந்தால் போதாது என்று வாதிட்டார். ஸ்கிரிப்டுகள் வளரும், வளர்ந்தபின் மொழியின் குறை வெளிப்படும் என்ற அவர் கணிப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அவ்வாதத்தின் வழியே க்னூ திட்டம் ஏற்றுக்கொண்ட கைல் மொழி அவர் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. க்னூவின் சொந்தப் பிழைதிருத்தியான ஜிடிபி கூட 2009இல் முதலில் பைத்தானைத்தான் உள்ளே வைத்தது; கைல் அதற்குள் வந்து சேர 2014 ஆயிற்று.

மூன்றாவது பார்வை பைத்தான் சமூகத்தில் 2000களின் தொடக்கத்திலிருந்து ஒலித்து வருகிறது: உட்பொதிக்காதீர்கள், நீட்டியுங்கள். அதாவது பைத்தானே வீட்டுக்காரராக இருக்கட்டும், உங்கள் சி நிரலை லைப்ரரியாக்கி அதற்குள் அனுப்புங்கள் என்பது.

இம்மூன்று பார்வைகளும் மொழியின் தன்மையைப் பற்றிப் பேசுகின்றன. இரு மொழிகளும் சந்திக்கும் எல்லையில் நாள்தோறும் நடப்பது என்ன என்ற கேள்வியை மூன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. ரியோவில் பிறந்த நிலா

எல்லையைப் பற்றிய சிந்தனையிலிருந்தே வளர்ந்த மொழி லுவா. போர்ச்சுக்கீசிய மொழியில் அச்சொல்லுக்கு நிலா என்று பொருள். 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், டெக்கிராஃப் என்ற வரைகலை ஆய்வுக்கூடத்தில், ராபர்ட்டோ இயருசாலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலெஸ் ஆகிய மூவர் அதை உருவாக்கினர்.

அது பிறந்த சூழலைக் கவனிக்க வேண்டும். 1977 முதல் 1992 வரை பிரேசில் அரசு கணினிக் கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் கடுமையான இறக்குமதித் தடைகளை வைத்திருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களிடம் தனக்கேற்ற மென்பொருளைச் செய்து வாங்குவது கடினம். உள்ளூரிலேயே செய்துகொள்ளும் பழக்கம் வளர்ந்தது. டெக்கிராஃபின் முக்கிய வாடிக்கையாளர் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ். அதன் பொறியாளர்களுக்காக ஆய்வுக்கூடம் இரண்டு சிறு மொழிகளைச் செய்திருந்தது: தரவு உள்ளீட்டுத் திரைகளை விவரிக்க ‘டெல்’, பாறை அடுக்குகளின் அறிக்கைகளை வடிவமைக்கச் ‘சோல்’. சோல் என்றால் சூரியன். இரண்டிலும் பயனர்கள் நிபந்தனைகளும் சுழற்சிகளும் கேட்கத் தொடங்கியபோது, இரண்டையும் கலைத்துவிட்டு ஒரே மொழியாகச் செய்யலாம் என்று முடிவாயிற்று. சூரியனுக்குப் பின் நிலா வந்தது இப்படித்தான்.

ஸ்டால்மனின் வாதம் எழுதப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே, அவர் சொன்ன தேவையைப் பொறியாளர்கள் நடைமுறையில் கேட்டுவிட்டார்கள் என்பது சுவையான தற்செயல். ஏற்கெனவே இருந்த மொழிகளை எடுத்திருக்கலாமே என்றால், டிக்கிள் அன்று யூனிக்ஸோடு கட்டுண்டிருந்தது, அதன் தொடரமைப்பும் பழக்கமற்றது. லிஸ்ப் குடும்பம் நிரலாளர் அல்லாத பொறியாளர்களுக்கு ஒவ்வாது. பைத்தான் அப்போது கைக்குழந்தை. எனவே புதிதாக ஒரு மொழியைச் செய்தார்கள், அதுவும் தங்கள் நிரல்களுக்குள் வைப்பதற்கென்றே. ஆக, லுவாவின் முதல் பயனர் ஒரு சி நிரல்தான். மனிதர் அதற்குப் பின்னால் நின்றார்.

2011இல் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பு, மொழியை ஊசிக்காதில் நுழைப்பது பற்றியது. ஊசிக்காது என்று அவர்கள் குறிப்பது லுவாவுக்கும் சி நிரலுக்கும் இடையிலுள்ள செயற்கூற்றுத் தொகுதியை. மொழியில் எதைச் சேர்த்தாலும் அது அந்தக் காதுக்குள் நுழையுமா என்பதே சோதனை. பிழைகளை ஏந்திக்கொள்வதற்குப் பல மொழிகள் தனித் தொடரமைப்பு வைத்திருக்கின்றன. லுவாவில் அப்படி ஒன்றில்லை. ‘இந்தச் செயற்கூற்றைப் பாதுகாப்பாக அழை’ என்று இன்னொரு செயற்கூறு மட்டும் உண்டு. தொடரமைப்பு காதில் நுழையாது, செயற்கூறு நுழையும். சி நிரலிலிருந்தும் அதே பாதுகாப்பான அழைப்பை அப்படியே செய்யலாம். எல்லை மொழியை இழைத்துச் செதுக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

4. நினைவகமும் பிழையும்

எல்லையில் முதல் சிக்கல் நினைவகம். சி மொழியில் நினைவகத்தைக் கேட்டு வாங்குபவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் மொழிகளில் பயன்படாததை மொழியே கண்டுபிடித்து அள்ளிவிடும். ஸ்கிரிப்ட் உருவாக்கிய பொருள் ஒன்றின் முகவரியைச் சி நிரல் ஒரு சுட்டில் வைத்துக்கொண்டால், குப்பை அள்ளுபவருக்கு அது தெரிய வழியில்லை. யாருக்கும் வேண்டாத பொருள் என்று அவர் அதைத் தூக்கி எறிந்துவிடுவார். சி நிரலின் சுட்டு காலி மனையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்கு மூன்று விடைகள் உண்டு. கைல் சி நிரலின் அழைப்பு அடுக்கையே துழாவி, முகவரி போலத் தோன்றும் எதையும் முகவரி என்றே கொண்டு, அது காட்டும் பொருளை விட்டுவைக்கிறது. பைத்தான் ஒவ்வொரு பொருளின் மேலும் ஓர் எண்ணிக்கையை எழுதி வைக்கிறது. பொருளைப் பிடித்திருக்கும் சி நிரல் எண்ணை ஒன்று கூட்ட வேண்டும், விடும்போது ஒன்று குறைக்க வேண்டும். எந்தச் செயற்கூறு தருவது சொந்தப் பொருள், எது இரவல் பொருள் என்று நிரலாளர் நினைவில் வைத்திருந்தாக வேண்டும். கூட்ட மறந்தால் நிரல் விழும்; குறைக்க மறந்தால் நினைவகம் மெல்லக் கசியும்.

லுவா தன் பொருள்களைச் சி நிரலின் கையில் கொடுப்பதே இல்லை. இருவருக்கும் நடுவே ஓர் அடுக்கு. சி நிரல் அதில் மதிப்புகளை ஏற்றுகிறது, மூன்றாவதாக உள்ளது எண்ணா சரமா என்று கேட்கிறது, மேலிருப்பதை எடுத்துவிடச் சொல்கிறது. கடைக்காரர் பொருளைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துக் காட்டுவது போல. அடுக்கில் இருப்பவை பயன்பாட்டில் உள்ளவை என்பது லுவாவுக்குத் தெரியுமாதலால் எண்ணிக்கை வேண்டியதில்லை. விதிவிலக்கு சரம்: அதன் எழுத்துகள் இருக்கும் முகவரியை லுவா நேரடியாகத் தருகிறது, அந்தச் சரம் அடுக்கில் இருக்கும்வரைதான் அம்முகவரி செல்லும் என்ற நிபந்தனையோடு. அடுக்கிலிருந்து சரத்தை எடுத்துவிட்டு முகவரியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பிழையைத் தேடி இரண்டு நாள் அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த அடுக்கு முழு வடிவம் பெற்றது 2000இல் வெளியான 4.0 பதிப்பில். அதே பதிப்பில் இன்டர்பிரட்டரின் நிலை முழுவதும் ஒரே பொட்டலமாகி, ஒவ்வொரு அழைப்பிலும் வெளிப்படையாகக் கடத்தப்படலாயிற்று. இதனால் ஒரே புராசஸில் ஒன்றையொன்று அறியாத பல லுவாக்கள் வாழ முடியும். பின்னாளில், நினைவகத்தை வாங்கித் தரும் செயற்கூற்றைக் கூடத் தாய்நிரலே கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இவ்வளவுக்கு மேல் இந்தக் குடித்தனத்துக்கு அரிசி கிடையாது என்று வீட்டுக்காரர் சொல்லலாம்.

பிழை விஷயத்தில் லுவா அவ்வளவு நல்ல விருந்தாளி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சி மொழியாகக் கம்பைல் செய்த லுவாவில் பிழை எழுந்தால், கடைசியாகப் பாதுகாப்பான அழைப்பு நடந்த இடத்துக்குக் கட்டுப்பாடு ஒரே தாவலில் போய்விடும். நடுவில் சி பிளஸ் பிளஸ் செயற்கூறு ஏதேனும் இருந்து, திறந்த கோப்பையும் போட்ட பூட்டையும் வெளியேறும்போது தானாக விடுவிக்கும் பொருள்களை அது வைத்திருந்தால், அந்த விடுவிப்பு நடக்காமலே போகலாம். லுவாவின் மூலத்தையே சி பிளஸ் பிளஸாகக் கம்பைல் செய்வது ஒரு பரிகாரம். அப்போது அது அம்மொழியின் சொந்தப் பிழை முறையைக் கையாள்கிறது. பாதுகாப்பான அழைப்பே இல்லாத இடத்தில் பிழை எழுந்தால் தாய்நிரலுக்கு ஒருமுறை தகவல் சொல்லிவிட்டுப் புராசஸையே நிறுத்திவிடும்.

5. இடம் கொடுத்தால்

பைத்தானின் மரபுவழி இன்டர்பிரட்டர் வளர்ந்த விதம் வேறு. புராசஸ் தன்னுடையது என்ற எண்ணத்தில் அது கட்டப்பட்டது. தொடங்கியதும் விசைப்பலகையிலிருந்து வரும் நிறுத்தச் சமிக்ஞையைக் கையாளும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். அதை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் சில விரிவாக்க லைப்ரரிகள் ஒழுங்காக இயங்காமல் போகலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. எளிமையாகச் சரமாகக் கொடுத்து ஓடவிட்ட பைத்தான் ஸ்கிரிப்டில் ‘வெளியேறு’ என்ற கட்டளை இருந்தால், வழக்கமான அமைப்பில் ஸ்கிரிப்ட் மட்டும் முடிவதில்லை. அதைச் சுமந்திருந்த தாய்நிரலும் சேர்ந்தே முடிகிறது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

பெரிய பூட்டின் கதை பலருக்கும் தெரியும். ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தானை இயக்கலாம் என்ற அந்தப் பூட்டு நெடுங்காலம் புராசஸ் முழுவதற்கும் ஒன்றாகவே இருந்தது. துணை இன்டர்பிரட்டர்கள் தத்தமக்கெனப் பூட்டு வைத்துக்கொள்ள வழி பிறந்தது 2023இல், 3.12 பதிப்பில். லுவா 2000இல் தொட்ட இடத்துக்கு அருகில் பைத்தான் வந்து சேர இருபத்து மூன்று ஆண்டுகள். இதைப் பைத்தானின் தோல்வி என்று படிப்பது அநியாயம். அது குடிபோவதற்கென்று பிறந்த மொழி அல்லவே.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று பிளெண்டர். முப்பரிமாண வரைகலைக்கான அந்த மென்பொருள் பைத்தானை உள்ளே வைத்திருக்கிறது. அதன் பட்டிகளும் பலகங்களும் பெரும்பாலும் பைத்தான் ஸ்கிரிப்டுகளாகவே வரையறுக்கப்பட்டவை. மிகப்பெரிய, வெற்றிகரமான உட்பொதிப்பு. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கான அதன் எச்சரிக்கைப் பக்கத்தைப் படித்தால், நாம் பேசிய உரிமைப் பூசல்களே வரிசையாக வருகின்றன. ‘செயல் நீக்கு’ கொடுத்தபின், அதற்குமுன் பிடித்து வைத்திருந்த பொருள்களைத் தொட்டால் பிளெண்டர் விழக்கூடும். ஏனென்றால் அந்தத் தரவின் உடைமையாளர் பிளெண்டர், பைத்தான் கையில் இருப்பது வெறும் முகவரி. ஸ்கிரிப்ட் தொடங்கிய இழைகள் ஸ்கிரிப்ட் முடிவதற்குள் முடிந்துவிட வேண்டும். ஆக, பெரிய மொழியையும் குடிவைக்க முடியும். பைத்தானின் லைப்ரரிகளும் கலைஞர்களிடையே அதற்குள்ள பழக்கமும் கிடைக்கின்றன என்பதற்காகப் பிளெண்டர் அந்தத் தொல்லையைத் தெரிந்தே ஏற்றிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

நியோவிம் உரைத்தொகுப்பான் காட்டும் சான்று இதைவிடக் கூர்மையானது. அதன் முன்னோடியான விம் பைத்தான், ரூபி முதலிய மொழிகளைத் தன்னுள்ளேயே இணைக்க இடமளித்திருந்தது. 2014இல் அதிலிருந்து பிரிந்த நியோவிம் அவற்றை வெளியேற்றித் தனிப் புராசஸ்களாக்கி, செய்தி அனுப்பிப் பேசும்படி வைத்தது. லுவாவை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டது. ஒரே நிரல், ஒரே தேவை. ஒரு மொழிக்கு வீட்டுக்குள் அறை, மற்றவற்றுக்கு மதிலுக்கு அப்பால் இடம். நம் பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முறையை இந்த இடத்தில் மதிக்கத் தோன்றுகிறது.

6. நேரம்

ரெடிஸ் என்னும் நினைவகத் தரவுத்தளம் 2012இல் 2.6 பதிப்பில் லுவாவை உள்ளே கொண்டுவந்தது. ரெடிஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகவே நிறைவேற்றும். ஒரு ஸ்கிரிப்ட் ஓடும்போது மற்ற எல்லோரும் காத்திருப்பர். ஸ்கிரிப்டின் வேலை இடையில் யாரும் புகாமல் முழுதாக நடக்கிறது என்பதே இதன் பயன். முடிவில்லாச் சுழற்சி ஒன்று வந்தால் தரவுத்தளமே உறைந்துபோகும் என்பது மறுபக்கம்.

இதை ரெடிஸ் கையாளும் விதம் நுணுக்கமானது. லுவாவில் குறிப்பிட்ட எண்ணிக்கையான கட்டளைகளுக்கு ஒருமுறை தாய்நிரலின் செயற்கூற்றை அழைக்கச் சொல்லும் வசதி உண்டு. அதைக்கொண்டு ரெடிஸ் கடிகாரத்தைப் பார்க்கிறது. இயல்பான அமைப்பில் ஐந்து விநாடி கடந்தால் ஸ்கிரிப்டை அது தானாகக் கொல்வதில்லை. தான் வேலையாக இருப்பதாக மற்றவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கி, ஸ்கிரிப்டைக் கொல்லும் கட்டளையை ஏற்கத் தயாராகிறது. அந்த ஸ்கிரிப்ட் அதற்குள் தரவில் ஏதேனும் எழுதியிருந்தால் கொல்லவும் மறுக்கும், ஏனென்றால் பாதி வேலை நிலைத்துவிடும். அப்போது மிஞ்சும் வழி, சேமிக்காமல் தரவுத்தளத்தையே நிறுத்துவது. நேரத்தின் உரிமை கொள்கையளவில் வீட்டுக்காரரிடம் இருந்தாலும், அதைப் பயன்படுத்துவதற்கு அவர் தன் வீட்டையே இடிக்க வேண்டி வரலாம்.

காவலும் இதே போன்ற சிக்கல்தான். ரெடிஸ் தன் மூலத்தோடு லுவாவின் ஒரு படியைச் சேர்த்தே தருகிறது. கோப்புகளைத் தொடும், வெளி லைப்ரரிகளை ஏற்றும் வாசல்களை அடைத்துவிட்டுத்தான் ஸ்கிரிப்டை உள்ளே விடுகிறது. டெபியன் லினக்ஸ் தொகுப்பாளர்கள், தங்கள் வழக்கப்படி, அந்தப் படியை நீக்கிவிட்டு அமைப்பில் பொதுவாக உள்ள லுவா லைப்ரரியோடு இணைத்தனர். அந்த இணைப்பில், வெளி லைப்ரரிகளை ஏற்ற உதவும் ஒரு மாறி ஸ்கிரிப்டுகளின் கைக்கு எட்டும்படி திறந்தே கிடந்தது. அதன் வழியே ஸ்கிரிப்ட் எழுதுபவர் கணினியில் விரும்பிய கட்டளையை இயக்க முடிந்தது. 2022இல் வெளியான இக்குறைபாடு டெபியனையும் அதை அடியொற்றிய வெளியீடுகளையும் மட்டுமே பாதித்தது. ரெடிஸிலும் குறையில்லை, லுவாவிலும் குறையில்லை. எல்லைக்கோட்டை யார் வரைந்தார், யார் அறியாமல் நகர்த்தினார் என்பதில் இருந்தது குறை. சிறிய மொழி என்றால் பாதுகாப்பு என்று நம்புவோர் இதைப் படிக்க வேண்டும்.

7. குடியிருப்பவர் கொடுக்கும் வாடகை

விருந்தாளியாக வாழ்வதன் விலையையும் எடைபோட வேண்டும். பைத்தானுக்கு அறிவியல், புள்ளியியல், வலை என்று மாபெரும் லைப்ரரிக் களஞ்சியம் சேர்ந்ததற்கு, அது வீட்டுக்காரராக இருந்து சி லைப்ரரிகளைத் தன்னிடம் வரவழைத்ததே காரணம். லுவாவுக்கு அப்படிப் பொது முற்றம் அமையவில்லை. 1998இல் கிரிம் ஃபாண்டாங்கோ விளையாட்டுக்குள் புகுந்தது முதல் அதன் வரலாறு பிறர் வீடுகளின் வரலாறாகவே இருக்கிறது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர் ரெடிஸுக்கு வரும்போது தொடரமைப்பு மட்டுமே பழகியதாக இருக்கும். அழைக்கக் கிடைக்கும் செயற்கூறுகள் எல்லாம் புதியவை. ரோப்ளாக்ஸ் விளையாட்டுத் தளத்தின் லுவா 5.1 பதிப்பிலிருந்து கிளைத்து, வகைகள் சேர்த்து, லுவாவ் என்று தனிமொழியாகவே போய்விட்டது.

லுவாவின் ஆசிரியர்கள் பதிப்புக்குப் பதிப்பு பழைய ஸ்கிரிப்டுகள் உடையும் மாற்றங்களைத் தயங்காமல் செய்கின்றனர். தாய்நிரல் தனக்கென ஒரு படியை எடுத்து வைத்துக்கொள்ளும், யாரும் அவசரமாக ஏறிவர வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், அதனால் ஏறி வராமலும் இருந்துவிடுகிறார்கள். 2020இல் 5.4 வெளியானது. மூல நிரல் அப்போதும் ஏறத்தாழ 30,000 வரிகளில் அடங்கியது. 2022இல் ரெடிஸ் தன் 7.0 பதிப்பில், ஸ்கிரிப்டுகளைத் தரவுத்தளத்திலேயே பெயரிட்டு நிரந்தரமாக வைக்கும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அதற்குள்ளே இயங்கிய லுவா 2006இல் வெளியான 5.1.